குப்பைத்தொட்டி அருகே வைத்த மூட்டை

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

மயிலாப்பூர் நடைபாதையில், வீடற்றவர்களுக்கு உதவி கேட்டு எங்கள் பாடகர் குழு பாடியது. அங்கேயே வசித்த ஓர் அம்மாவின் மூட்டை நாங்கள் எடுக்கும் வீடியோவில் அசிங்கமாகத் தெரியும் என்று, அவர் தண்ணீர் பிடிக்கப் போனபோது நானே அதைத் தூக்கிக் குப்பைத்தொட்டி அருகே வைத்தேன்.

பாதிப் பாட்டில் குப்பை வண்டி வந்து அதை அள்ளிச் சென்றது. பார்த்துக்கொண்டேதான் பாடினேன்.

அவர் திரும்பி வந்தார். "எங்களுக்கோசரம் பாடுனீங்களாமே, சோக்கா இருந்துச்சு கண்ணு. என் மூட்டைய பாத்தியா? ரேஷன் கார்டு அதுலதான் கீது."

"பாக்கலம்மா" என்றேன்.

அன்று அருமையாகப் பாடினேன் என்று இன்றும் சொல்கிறார்கள். நன்றி சொல்லிவிடுகிறேன். மற்றதை யாரிடமும் சொன்னதில்லை.