வாத்துகளுக்கு முன்னால் கத்தாதவள்

ஊஜியே என்ற ஊரில் ஆ-லுவானுக்குக் கோபக்காரி என்று பெயர். சும்மா வந்த பெயரல்ல, பாடுபட்டுச் சம்பாதித்தது. முட்டை வியாபாரி ஒருமுறை பெரிய முட்டைகளைச் சின்னது என்று ஒதுக்கியபோது, அந்தத் தட்டை அப்படியே தூக்கி அவன் லாரிக் கண்ணாடியில் கவிழ்த்தவள். கணவனின் அண்ணன் பக்கத்து நெல்வயலை ஒரு வார்த்தை சொல்லாமல் தைபேய்க்காரன் ஒருவனுக்கு விற்ற நாளிலிருந்து அவரோடு பேச்சில்லை. கோயில் விருந்தில் இருவருக்கும் ஒரே மேசை அமைந்துவிட்டால், அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தபடியே மீனை எட்டி எடுத்துச் சாப்பிடுவாள்.

ஆனால் வாத்துகளுக்கு முன்னால் அவள் குரல் உயராது. குடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண், வாத்துப் பண்ணைக்கு மருமகளாக வந்தாள். வந்த புதிதில் தீவன மூட்டைக்குப் பின்னால் ஒரு பாம்பைப் பார்த்துவிட்டு ஒரு கூச்சல் போட்டாள். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் ஒரே பக்கமாக ஓடி குளத்தைச் சுற்றிய வேலி வலையின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தது. அடியில் மாட்டியவை மூச்சு முட்டிச் செத்தன. மிரண்ட வாத்து அப்படித்தான் சாகும், கடித்துக் குதற யாரும் வேண்டியதில்லை. அன்றோடு வாத்துகளுக்கு முன்னால் கத்துவதை நிறுத்தினாள். கத்த வேண்டியதையெல்லாம் மனிதர்களுக்கென்று மிச்சம் பிடித்து வைத்துக்கொண்டாள் என்பான் அவள் கணவன் வான்-ஃபூ. கோபம் தாங்கவில்லை என்றால் சாலையோரக் கால்வாய்ப் பாலத்துக்குப் போய்விடுவாள். அங்கே நின்று திட்டினால் கொட்டகைக்குக் கேட்காது. ஊருக்குக் கேட்கும், அதைப் பற்றி அவளுக்கு என்ன கவலை?

கொட்டகையில் ரேடியோ நாள் முழுக்க ஓடும். சத்தம் பழகிய வாத்து சட்டென்று மிரளாது. பழைய பாட்டும் சிறுநீரக மருந்து விளம்பரமும் மாறி மாறி வரும். அந்த விளம்பரம் அவளைவிட வாத்துகளுக்கு நன்றாக மனப்பாடம் என்று தோன்றும்.

விற்றுப்போன வயலில் வெள்ளையாக ஒரு விடுதி எழும்பியது. கட்டியவன் சுவாங் போ-ஹான், நாற்பதுகூட ஆகாதவன். சுவருக்குப் பதில் கண்ணாடி, நெல்லுக்குப் பதில் புல்தரை. கல்யாணம் செய்துகொள்ளப் போகிற ஜோடிகள் வந்து படம் எடுத்துக்கொள்வார்கள். வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெண்கள் வரப்பில் நடப்பதை முதலில் ஆ-லுவான் வேடிக்கைதான் பார்த்தாள். சேற்றில் செருப்பை விட்டுவிட்டு வந்த ஒருத்திக்குத் தன் ரப்பர் பூட்ஸைக்கூடக் கொடுத்தனுப்பினாள்.

இளவேனில் பாதியில், வாத்துகள் நன்றாக முட்டையிடும் சமயத்தில், அந்த ட்ரோன் வந்தது. மழை விட்டிருந்த பிற்பகல். குளத்தின் மேல் தாழ வந்து, ரீங்காரமிட்டபடி அப்படியே நின்றது. வாத்துக்குத் தலைக்கு மேலே எது வந்தாலும் பருந்துதான். வெள்ளைக் கூட்டம் ஒரே வீச்சில் வட மூலைக்குப் பாய்ந்தது. ஆ-லுவான் ஓடிப்போய்க் குவியலுக்குள் இரண்டு கைகளையும் விட்டு, கிடைத்ததையெல்லாம் பிடித்து வெளியே எறிந்தாள். வாய் திறக்கவில்லை. கடைசியில் அடியில் கிடந்தவற்றை எடுத்தபோது அவை தட்டையாகி இருந்தன, உடம்புச் சூடு மட்டும் போகவில்லை.

இரண்டு வாத்துகளைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போய் வரவேற்பு மேசையில் போட்டாள். போ-ஹான் முகம் வெளிறியது. ஆனாலும் நாக்கில் தேன் குறையவில்லை.

"ஆன்ட்டி, நாங்க உங்க நிலத்துல காலே வைக்கலையே. மேலதானே பறந்துச்சு. வானம் எல்லாருக்கும் பொதுதானே."

"வானம் வானத்துச் சாமிக்குச் சொந்தம். வருஷா வருஷம் அவருக்கு முழுப் பன்னி வச்சுப் படைக்கிறேன். நீ என்னடா வச்ச?"

அவன் மன்னிப்புக் கேட்டு, ஒரு பெட்டி அன்னாசிக் கேக்கை நீட்டினான். செத்த வாத்துக்குக் கேக். அவள் அதை வாத்துகளுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்து போலீஸ். உள்ளூர்க் காவலர் யோ ஸ்கூட்டரில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, நெற்றிமேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார். மேலே மேகம் மட்டும் இருந்தது.

"ஒண்ணும் இல்லையேக்கா."

"இப்ப இருக்குமா? உனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா அது?"

யோ நல்ல மனிதர்தான். அவன் வந்து எதையாவது தொட்டிருந்தால் கேஸ் எழுதலாம், மேலே நின்று பார்த்ததற்கு என்னவென்று எழுதுவது என்று தலையைச் சொறிந்தார். உயரம் பற்றியதெல்லாம் வேறு அலுவலகம் என்றார். அந்த அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கேட்கச் சொன்னது. அது மறுபடி போலீஸையே கேட்கச் சொன்னது. ஒவ்வொரு தடவையும் ஆ-லுவான் பாலத்துக்குப் போய்த்தான் போன் பேசினாள். மறுமுனையில் இருந்தவர்களுக்கு அதன் காரணம் சீக்கிரமே புரிந்திருக்கும்.

ட்ரோன் மறுபடி வந்தது, அதற்கப்புறமும் வந்தது. ஒவ்வொரு தடவையும் குவியல், ஒவ்வொரு தடவையும் தீவனச் சாக்கில் பிணம். கோயில் வாசலில் தேநீர் குடிக்கும்போது யாரோ காட்டிய வீடியோவை வான்-ஃபூ தன் போனில் வாங்கி வந்தான். விடுதிக்காரன் போட்டது. மேலிருந்து பார்த்தால், பச்சைக் குளத்தில் வெள்ளை வாத்துக் கூட்டம் நடுவிலிருந்து பூப்போல விரிகிறது, அப்புறம் ஒரு பக்கமாகச் சுருண்டு ஓடுகிறது. பியானோ இசை. ஒரு ஜோடியின் பெயர், கீழே கொத்துக்கொத்தாகச் சிவப்பு இதயங்கள். இதற்கு 'வெள்ளை அலை' என்று பெயர் வைத்து, வருகிற ஜோடிகளுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஆ-லுவானுக்கு அப்போதுதான் விளங்கியது. வழி தவறி வந்ததல்ல. வாத்துகள் மிரள வேண்டும் என்றேதான் தாழ இறக்கியிருக்கிறான். அந்தப் பயம்தான் அவனுக்கு அழகு. வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். கூட்டம் மூலையை நெருங்குகிற இடத்தில், குவிவதற்குச் சற்று முன்னால், வெட்டியிருந்தான். எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்திருக்கிறதே, அப்படியானால் மிச்சத்தையும் பார்த்திருக்கிறான்.

அவனை என்ன செய்வது? கல்லால் அடிக்கலாம், எட்டாது. திருவிழா ராக்கெட்டை விடலாம், ஆனால் அந்தச் சத்தத்தில் முதலில் சாவது வாத்துகள்தான். கோபத்துக்குப் பஞ்சமில்லை, காட்டத்தான் வழியில்லை. அதற்குள் முட்டை குறையத் தொடங்கியது. குளத்தின் ஓரத்தில் இறகு மிதந்தது. பயந்துபோன வாத்து இறகு உதிர்க்கும், முழுக்க உதிர்க்கத் தொடங்கிவிட்டால் மாதக்கணக்கில் முட்டை கிடையாது. டிராகன் படகுத் திருநாள் கொழுக்கட்டைக்குள் வைக்க, உப்பில் ஊறப்போட முட்டை இல்லையென்றால் வியாபாரி வேறு பண்ணையைப் பார்த்துப் போய்விடுவான். இன்னொரு குவியலை இந்தக் கூட்டம் தாங்காது. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

வான்-ஃபூ சண்டைக்காரனல்ல. வீட்டில் ஒரு ஆள் போதும் என்று விட்டுக்கொடுத்தவன். அவன் தன் பாட்டுக்கு ஒரு காரியம் செய்தான். தீவனம் கொட்டும் நேரத்தில், பதிந்து வைத்திருந்த ட்ரோன் சத்தத்தைப் போனில் ஓடவிட்டான். முதலில் ரேடியோவுக்கு அடியில் மெல்ல, பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி. ஒருநாள் அந்த ரீங்காரம் ஆ-லுவான் காதில் விழுந்தது. மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். வானத்தில் ஒன்றுமில்லை. சத்தம் தீவன வாளிக்குள்ளிருந்து வந்தது. சுற்றிலும் வாத்துகள் நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தன.

அவனைக் கையைப் பிடித்துப் பாலத்துக்கு இழுத்துப் போனாள்.

"அவன் சத்தத்த நீயே வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்திருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"அவனத் திருத்த முடியல. வாத்தையாச்சும் திருத்தலாம்னு பாத்தேன்."

"தப்புப் பண்ணினவன் அங்க மெத்தையில படுத்திருக்கான். நீ அடிபட்ட வாத்துக்குப் பாடம் எடுக்குற."

அவள் அவனோடு பேசுவதை நிறுத்தினாள். ஆனால் அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லவில்லை. குளத்தில் இறகு குறைந்தது, தட்டில் முட்டை ஏறியது. அதுவும் அவளுக்குக் கோபம்தான். தன் வாத்துகள் ஏன் அவனுக்குப் பழக வேண்டும்?

ஒரு சனிக்கிழமை விடுதியில் பெரிய விருந்து. புல்தரையில் மேசைகள், பூ வளைவு, மணப்பெண், இருபக்கச் சொந்தக்காரர்கள். போ-ஹான் முதலில் தன் புல்தரைக்கு மேலே ட்ரோனை ஏற்றினான். அந்த ரீங்காரம் ஆ-லுவானை எட்டுவதற்கு முன்பே வாத்துகளை எட்டிவிட்டது. மொத்தக் கூட்டமும் கழுத்தை நீட்டியது. பிறகு ஓடியது. இந்தத் தடவை சத்தத்தை விட்டல்ல, சத்தத்தை நோக்கி. தீவன நேரம் என்று நினைத்துவிட்டன.

விடுதிப் பக்கத்து வலை பழசு. சாய்ந்தது. வாத்துகள் வாய்க்காலில் இறங்கி, நீந்தி, புல்தரையில் ஏறின. மேசைகளுக்கு அடியிலும் மணப்பெண்ணின் பாவாடைமேலும் புகுந்து, போ-ஹானைச் சுற்றி வளைத்து, ட்ரோனைப் பார்த்து அலகைத் திறந்து கத்தின. விருந்தாளிகள் சிரித்துக்கொண்டே போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். கழியோடு ஓடி வந்த ஆ-லுவானுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கூட்டத்தைக் கொன்றதிடமே போய்த் தீனி கேட்கின்றன.

"இது என்னோட இடம். ஓட்டுங்க ஆன்ட்டி, இதுங்கள முதல்ல வெளிய ஓட்டுங்க," என்று போ-ஹான் கத்தினான்.

இத்தனை நாள் சேர்த்து வைத்த திட்டு முழுவதும் வாய் வரை வந்தது. ஆனால் காலடியில் வாத்துகள். தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று பேசுவதுபோலப் பேசினாள்.

"கத்தாத. அத மெதுவாக் கீழ இறக்கு. நாற்காலியத் தொடாத. நான் கூட்டிட்டுப் போறேன்."

அவன் கேட்கவில்லை. ஒரு நாற்காலியைத் தூக்கி வீசினான். அது தட்டுகள்மேல் விழுந்து சிதறியது. வாத்துகள் திரும்பின. ஒரே வெள்ளையாகக் கண்ணாடிச் சுவரின் மூலைக்குப் பாய்ந்து, ஏறி, ஏறி, கண்ணாடியில் அப்பிக்கொண்டன. விடுதிக்குள் நின்றவர்களுக்கு, குவியலின் அடியில் நசுங்குகிற முகங்கள் தெரிந்தன. சிரிப்பு நின்றது. போன்கள் மட்டும் கீழே இறங்கவில்லை.

ஆ-லுவான் முழங்காலில் விழுந்து கைகளை உள்ளே விட்டாள். போ-ஹானின் சட்டையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள்.

"கைய உள்ள விடு. மேல இருக்கறத விட்டுடு, அடியில இருக்கறத இழு."

அவன் இழுத்தான். வெள்ளைச் சட்டை முழுக்க எச்சமும் சேறும். மணப்பெண்ணும் கவுனைச் சுருட்டிக்கொண்டு வந்து இழுத்தாள். குவியல் கலைந்தபோது போ-ஹானின் கையில் ஒரு வாத்து இருந்தது, தலை தொங்கிக்கொண்டிருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

"சூடா இருக்கா?" என்று கேட்டாள் ஆ-லுவான், அதே மெல்லிய குரலில்.

அவன் தலையாட்டினான்.

"இதத்தான் நீ தினமும் வீடியோவுலேர்ந்து வெட்டி எறிஞ்ச. இவங்க எல்லாரும் எடுத்துட்டாங்க. இப்ப வெட்டு, பாக்கலாம்."

அன்று மாலையே விருந்தாளிகள் எடுத்த படம் ஊர் முழுக்கப் பரவியது. எந்தப் படத்திலும் பியானோ இல்லை, எதிலும் குவியலுக்கு முன்னால் வெட்டவில்லை. 'வெள்ளை அலை' காணாமல் போனது. போ-ஹான் ட்ரோனை விற்றுவிட்டதாக யோ வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயித்தாள் என்று ஊர் பேசியது. என்னத்தை ஜெயித்தாள்? அந்தக் கண்ணாடி மூலைதான் கடைசிக் குவியல், கூட்டம் அதைத் தாங்கவில்லை. சில நாளில் குளம் முழுக்க இறகு மிதந்தது, முட்டை நின்றது. டிராகன் படகுத் திருநாள் வந்தது, வியாபாரியின் லாரி நிற்காமல் போனது. ஆ-லுவான் பாலத்துக்குப் போய் நின்று தொண்டை வற்றும்வரை திட்டினாள். போ-ஹானை, அலுவலகங்களை, வயலை விற்ற கணவனின் அண்ணனை, இதயம் போட்டவர்களை, ஒருவரையும் விடவில்லை.

திரும்பி வந்தபோது வான்-ஃபூ தீவன வாளியோடு கொட்டகை வாசலில் நின்றான். கையில் போன். இனி அது வராது, அந்தச் சத்தத்தை அழித்துவிடட்டுமா என்று கேட்டான்.

அவள் வானத்தைப் பார்த்தாள். விடுதிக்கு அந்தப் பக்கம் இன்னொரு வயலில் கம்பி கட்டி, சிமென்ட் கலந்துகொண்டிருந்தார்கள்.

"வேண்டாம், இருக்கட்டும்," என்றாள், வாத்துகளுக்குக் கேட்காத குரலில். "நாளைக்கு இன்னொருத்தன் ட்ரோன் வாங்குவான்."

வாளியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். போனை அவளே அழுத்தினாள். ரீங்காரம் எழுந்தது, இறகு உதிர்ந்த வாத்துகள் தீனிக்கு ஓடி வந்தன.