அவனுக்கு மட்டும் தங்கியது

கும்பகோணம் பின்னால் போய்விட்டது. நன்னிலம் சாலையில் எங்கள் ஊரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். செருப்பை டாக்டர் அறை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது தார் சுட்டபோதுதான் தெரிந்தது. ஒரு பஸ்கூட என்னைத் தாண்டவில்லை. வந்திருந்தாலும் கை காட்டியிருக்க மாட்டேன். மனைவியை டாக்டர் எதிரில் உட்காரவிட்டு எழுந்து வந்தவன் நான்.

குழந்தைக்காகச் சோதனைக்குழாய் சிகிச்சை செய்துகொண்டிருந்தோம். இரண்டு முறை கருவை உள்ளே வைத்தார்கள், இரண்டும் ஒட்டவில்லை. கடைசிக் கரு ஒன்று ஆஸ்பத்திரியில் உறைந்து கிடந்தது. அதை வைக்கும் முன், அவள் கர்ப்பப்பையின் உள்சுவரில் ஒரு துணுக்கு எடுத்துச் சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு கேட்கத்தான் அன்று போனோம்.

"கருவுல குறை இல்ல. சுவரும் நல்ல தடிமன்தான்," என்றார் டாக்டரம்மா. "ஆனா மாசத்துல கொஞ்ச நேரம்தான் அந்தச் சுவர் கருவைப் பிடிக்கும். அப்ப சில ஜீன் வேலையை ஆரம்பிக்கும், சில ஜீன் நிறுத்திக்கும். ஜீன் எல்லாம் எப்பவும் உள்ளதான் இருக்கு. எது எப்ப வேலை செய்யுதுங்கறதுதான் விஷயம். இவங்களுக்கு அது ஒரு நாள் தள்ளி நடக்குது. நாம முந்திட்டோம்."

ஒன்பதாவதோடு நின்றவனுக்கும் இது புரிந்தது. சுவர் தடிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவளுக்கு மாதுளையும் நாட்டுக்கோழி முட்டையுமாகத் திணித்திருந்தேன். சேறு ஆழமாக இருந்தால் நடலாம் என்று நினைக்கிற ஊர்க்காரன்தானே.

டாக்டரம்மா அதோடு விட்டிருக்கலாம். "முன்னாடி ஒரு தடவை தானாவே தங்கியிருக்கு. அதனால நம்பிக்கையா இருங்க," என்றார்.

அவளுக்கு முன்பே கல்யாணமாகி முறிந்தது எனக்குத் தெரியும். அந்த ஆளையும் தெரியும். நன்னிலம் பக்கம் சொந்த நிலம், பம்புசெட், புல்லட். கரு தங்கியது தெரியாது. நான் அறுவடை மெஷினோடு சீர்காழிப் பக்கம் கிடந்த நாளில் அவள் தனியாக வந்து டாக்டரிடம் சொன்ன சங்கதி அது.

மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை, அவனுக்குத் தங்கியிருக்கிறது. நிலமும் அவனுக்கு, இதுவும் அவனுக்கு. நடக்க நடக்க அதுதான் வயிற்றில் எரிந்தது.

போன பஸ் எதுவும் திரும்பி வராத காரணம் முன்னால் இருந்தது. கதிர் வந்த வயலில் எரிவாயுக் குழாய் பதிக்கக் கம்பெனிக்காரர்கள் வந்ததை எதிர்த்து ஊரே சாலையை மறித்து உட்கார்ந்திருந்தது. தலையில் துண்டு போட்ட அம்மாள் ஒருத்தி என்னை மறித்தாள்.

"எங்க தம்பி இவ்வளவு வேகமா? உட்காரு. ரெண்டு கட்சிக்காரனும் மாறி மாறி வந்து உட்கார்ந்துட்டுப் போனான். நீ செத்த உட்கார்ந்தா தேஞ்சுட மாட்டே."

உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில், பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கி என் மனைவி வந்தாள், கையில் என் செருப்போடு.

"தம்பி, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வர்றா, ஓடிப்போயிடு!" என்றாள் அந்த அம்மாள். கூட்டம் சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. செருப்பைக் காலடியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? இப்படித்தான் நடந்திருப்பீங்க."

"அவனுக்கு மட்டும் தங்கியிருக்கு."

"தங்கினதும் அந்தாளுக்குத் தெரியாது, கலைஞ்சதும் தெரியாது. நான் சொல்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

"அப்ப மட்டும் எப்படித் தங்குச்சு?"

"அதையும் டாக்டரம்மாகிட்ட கேட்டேன். மருந்து குடுத்துத் தயார் பண்ற மாசத்துல நேரம் மாறலாமாம். தானா வர்ற கரு, சுவர் தயாராகற வரைக்கும் உள்ளயே காத்துக்கிட்டு இருந்திருக்கலாமாம். கரு யாருதுன்னு சுவருக்குத் தெரியாதாம்."

"அதை வேற கேட்டியா?"

"நீங்க கேக்க நெனச்சதைத்தானே கேட்டேன்."

யாருடையது என்று தெரியாது என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. என்னுடையது என்று அதற்குத் தெரிய வேண்டும் போலிருந்தது.

"நாள் தள்ளி வச்சாலும் ஒட்டும்னு அவங்க உறுதி சொல்லல," என்றாள். "ஒண்ணுதான் பாக்கி இருக்கு. சாயங்காலம் சாயங்காலம் ஊசி போடணும், போட நீங்க இருக்கணும். மெஷினோட போறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அந்தக் கரு அங்கயே இருக்கட்டும்."

வாத்து மேய்த்த காலத்தில் வாத்துகளுக்குத் தடுப்பூசி போட்டுப் பழகிய கை என்னுடையது. முதல் இரண்டு முறையும் நான்தான் போட்டேன். மெஷின் அன்று மாலை வடக்கே கிளம்ப இருந்தது. போனால் திரும்ப மாதங்களாகும். சாலை திறந்ததும் அவளோடு பஸ் ஏறினேன். மெஷின் நான் இல்லாமல் போயிற்று.

மறுநாள் காலை எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் வேலை கேட்டேன்.

"நீ ஓர் இடத்துல நிக்கிற ஆளே இல்லையே," என்றார் மேஸ்திரி.

"நிப்பேங்க. ஆனா சாயங்காலம் வீட்டுக்கு விட்டுடணும்."

"புதுப் பொண்டாட்டியா?"

"பழசுதாங்க."

அவர் ஒரு சாக்கை எடுத்து என் தோள்மேல் எறிந்தார். வரிசையில் போய் நின்றேன். அந்தப் புல்லட்காரன் மேல் இருந்த எரிச்சல் அப்படியேதான் இருந்தது. அதோடுதான் முதல் மூட்டையைத் தூக்கினேன்.