பதினோரு பெட்டி மக்ரூன்

"வீட்டுல விசேஷமா சார்?" என்று கேட்டார் பேக்கரி அண்ணாச்சி.

தூத்துக்குடியில் ஒருவன் பதினோரு பெட்டி மக்ரூன் கேட்டால் வேறு என்ன கேட்பார்?

"இல்ல அண்ணாச்சி... கேஸ்."

அண்ணாச்சி பெட்டி கட்டுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பன்னிரண்டாவதாக ஒன்றைக் கையில் கொடுத்து, "இத நீங்க சாப்பிடுங்க" என்றார். அனுதாப மக்ரூன்!

நடந்தது இதுதான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் எனக்கு மேனேஜர் வேலை. ஜோக் அடிப்பது உபதொழில். அதற்குச் சம்பளம் கிடையாது. அதனாலேயே கொஞ்சம் அதிகமாகச் செய்வேன். அந்தத் திங்கட்கிழமை ஹெச்.ஆரிடமிருந்து போன். "சார், வியாழக்கிழமை மூணு மணிக்கு உள்ளகப் புகார் குழுத் தலைவர் உங்களைப் பார்க்கணுமாம்." டொக். வைத்துவிட்டார்.

அலுவலகத்தில் பெண்களுக்குப் பாலியல் தொந்தரவு என்றால் விசாரிப்பதற்குச் சட்டப்படி அமைத்த குழு அது. அதன் போஸ்டர் எங்கள் தண்ணீர் கேனுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. மூன்று வருடமாக அதில் சாய்ந்துகொண்டுதான் டீ குடிக்கிறேன். ஒரு வரி படித்ததில்லை. அன்றைக்குப் படித்தேன். நின்றபடி, இரண்டு தடவை.

எதற்கு என்று திருப்பிப் போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? தேள் கொட்டிய திருடன் கத்துவானா?

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஜோக்குன்னு எங்கிட்ட சொல்லுததையெல்லாம் அங்கயும் போய்ச் சொல்லுதீங்களா? பாவம், அந்தப் பிள்ளைக."

அவள் தங்கை எஸ்தர் வக்கீல். நாசரேத்தில் பிறந்து தூத்துக்குடி கோர்ட்டைக் கலக்குகிறவள். போனில் பிடித்தேன்.

"அத்தான், புகார் காப்பி கையில தந்தாங்களா?"

"இல்ல."

"புகார்னா முதல்ல காப்பி வரும். பத்து வேலை நாளுக்குள்ள நீங்க எழுத்துல பதில் குடுக்கணும். சாட்சி இருந்தா பேரு, மெசேஜ் இருந்தா அதையும் சேர்த்து. போன்ல எதையும் அழிக்கப்படாது. அழிச்சா அதுவே உங்களுக்கு எதிரா நிக்கும்."

"நீ வந்து எனக்காக வாதாடுவேல்லா?"

"குழு முன்னாடி வக்கீல் வர முடியாது அத்தான். நீங்கதான் பேசணும்."

"ஏளா! நான் பேசினதாலதான இம்புட்டும்!"

சிரித்தாள். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். "எல்லாம் தமாஷுக்குத்தான சொன்னேன்?"

"அது டிஃபென்ஸ் இல்ல. வாக்குமூலம்." அவள் குரல் மாறியது. "நீங்க என்ன நினைச்சுச் சொன்னீங்கன்னு மட்டும் பாக்க மாட்டாங்க. கேட்டவங்களுக்கு அது வேண்டாததா இருந்துச்சான்னு பாப்பாங்க. பேச்சு எல்லை தாண்டினா போலீஸ் கேஸும் ஆகும். அப்புறம் ஒண்ணு... யாருகிட்டயும் சமாதானம் பேசப் போயிராதீங்க. மிரட்டப் போனதா ஆயிரும். சமரசம்கூட புகார் குடுத்தவங்க கேட்டாதான்."

தெளிவாகத்தான் சொன்னாள். ஆனால் நான் தூத்துக்குடிக்காரன். பெண் பார்க்கப் போனாலும் மக்ரூன், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மக்ரூன், சண்டை தீர்க்கப் போனாலும் மக்ரூன்தானே? முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் கரைக்காத பகை உண்டா?

அன்று ராத்திரி பட்டியல் போட்டேன். எங்கள் அலுவலகத்தில் பதினோரு பெண்கள். லிப்ஸ்டிக் நிறத்தைக் கன்டெய்னர் பெயிண்டோடு ஒப்பிட்டது... ரிசப்ஷன் வழியாகப் போகும்போதெல்லாம் டூயட் முணுமுணுத்தது... "கல்யாணத்துக்கப்புறம் மூஞ்சில ஒரு ஜொலிப்பு" என்றது... எழுத எழுதப் பட்டியல் நீண்டது. பத்துப் பேருக்கு எதிரே ஏதாவது ஒன்று வந்து விழுந்தது. பதினோராவது பிரிசில்லா. கடலோர மணப்பாட்டுப் பெண். அதிகம் பேசாது. அந்தப் பெயருக்கு எதிரே மட்டும் பெருமையோடு 'குற்றம் இல்லை' என்று எழுதினேன். பத்துப் பேருக்குக் கொடுத்து ஒருவரை விட்டால் நன்றாயிருக்குமா என்றுதான் பதினோராவது பெட்டி!

புதன்கிழமை விநியோகம் நடந்தது. "தெரிஞ்சோ தெரியாமலோ..." என்று ஆரம்பித்தாலே சிரித்துவிட்டார்கள். "சார், இது மன்னிப்பா, ரிட்டயர்மென்ட்டா?" என்றது ரிசப்ஷன். "அந்தப் பாட்ட விட்டீங்கன்னா நாங்களே உங்களுக்கு மக்ரூன் வாங்கித் தாரோம்" என்றது அக்கவுண்ட்ஸ். பத்துப் பெட்டி காலி. நான் காற்றில் மிதந்துகொண்டிருந்தேன்.

பிரிசில்லா பெட்டியைத் திறக்கவில்லை. மேஜை ஓரத்தில் வைத்தார்.

"நீங்க மன்னிப்புக் கேட்டதுக்கு நன்றி சார். நாலு மாசமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்."

எனக்கு மிதப்பு போய்த் தரை தட்டியது. "நான் உங்கள... என்ன சொன்னேன்?"

நினைவுபடுத்தினார். எல்லாரையும் மணிக்கணக்கில் காக்க வைக்கிற ஒரு கேப்டனிடம், கப்பலேறிப் பத்தே நிமிடத்தில் கையெழுத்து வாங்கி வந்தவர் பிரிசில்லா. பேப்பரில் இருந்த தப்பை முந்தின நாளே கண்டுபிடித்துச் சரிசெய்திருந்ததுதான் ரகசியம். மீட்டிங்கில் நான் சொன்னேனாம்: "இந்த முகத்தப் பாத்தா கேப்டன் வெத்துப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடுவாரு! நம்மள மாதிரி மீசைக்காரன அனுப்பினா கப்பல் ஏணியயே மேல தூக்கிருவாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். அது ஞாபகம் இருக்கிறது. எனக்குக் கைதட்டு ஞாபகம். அவருக்கு ஜோக் ஞாபகம்.

"நானும் சிரிச்சேன் சார். அங்கன வச்சு வேற என்ன செய்ய? அதுக்கப்புறம் நான் வாங்கிட்டு வந்த ஒவ்வொரு கையெழுத்துக்கும் பசங்க கண்ணடிச்சாங்க. அதான் கப்பல் டியூட்டி வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன்."

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். 'வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல' என்று நினைத்தேன். கடற்கரையில் பிறந்த பெண்ணுக்கு!

"புகார் குடுக்குறதுன்னா குடுங்கம்மா" என்றேன்.

"அது நான் முடிவு பண்ணுதேன். இப்பம் எனக்கு மக்ரூன் வேண்டாம் சார். என் கப்பலத் திருப்பிக் குடுங்க. அன்னைக்கு மீட்டிங்ல சொன்னத மீட்டிங்லயே திருத்துங்க."

மறுநாள் மூன்று மணி. சென்னையிலிருந்து வந்திருந்த குழுத் தலைவர் அம்மா சிரித்த முகமாக உட்காரச் சொன்னார். "குழுவுல ஒரு மெம்பர் ரிட்டயர் ஆயிட்டார். எல்லார்கிட்டயும் கலகலன்னு பழகுறவர்னு உங்க பேரைச் சொன்னாங்க..."

கேஸ் இல்லை! பதவி! பதினோரு பெட்டியும் வீண்... இல்லை, பத்துதான் வீண்.

"மேடம், எனக்கு உங்க பக்கத்து நாற்காலி வேண்டாம். என் தகுதிக்கு எதிர் நாற்காலிதான் சரி" என்றேன். யார் என்று சொல்லாமல் என் பங்கை மட்டும் சொன்னேன். அந்த அம்மா கையிலிருந்த தாளில் என் பெயரை அடித்தார். பிறகு, "முதல்ல அதை மீட்டிங்ல திருத்துங்க. அப்புறமும் அவங்க புகார் குடுத்தா, நாங்க விசாரிப்போம்" என்றார்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் எழுந்து நின்று, அந்தக் கையெழுத்து எப்படி வந்தது என்பதை ஒழுங்காகச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. ஜோக் விழாத என் முதல் மீட்டிங்! பிரிசில்லா புகார் கொடுக்கவில்லை. இப்போது கப்பலேறுகிறார். இதை எழுதி முடித்ததும் முதலில் படித்தவரும் அவர்தான். பெயரை மாற்றச் சொன்னார், மாற்றிவிட்டேன்.

போன வாரம் அதே கேப்டனின் கப்பல் மறுபடி வந்தது. இந்தத் தடவை எட்டே நிமிடத்தில் கையெழுத்து. அந்தப் பேப்பரோடு பிரிசில்லா என் அறைக்குள் நுழைந்ததும் எனக்கு நாக்கு நுனியில் ஒன்று வந்து நின்றது பாருங்கள்... அப்படியொரு ஜோக்!

டிராயரைத் திறந்து, ஒரு மக்ரூனை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன்.