இரண்டாவது அடி பலமாக

படுக்கையில் கிடக்கும் புருஷனை அகத்தா அடிக்கிறாள் என்ற பேச்சு மலேசியாவின் கோலா கெத்தில் ஊர்ச் சந்தையான பாசாரில் கிளம்பி, ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கும் மகள் லிண்டாவின் காதுவரை போய்விட்டது. அகத்தாவுக்குத்தான் கடைசியில் தெரிந்தது. பக்கத்து வீட்டு உமாராணி வேலியோரம் வந்து நின்றாள்.

“நான் சொல்லலக்கா, ஆளுங்க சொல்றாங்க. சாயங்காலம் ஆனா படார் படார்னு சத்தம். அப்புறம் அண்ணன் முனகுறாராம்.”

“உன் வீட்டுச் செவுத்துக்குத்தானே கேக்கும்? பாசாருக்கா கேக்கும்?”

உமாராணி தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

புருஷன் சில்வெஸ்டர் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவர். பக்கவாதம் வந்தபின் நாக்கு கட்டையாகிவிட்டது. தாளம் போட்டுச் சொல்லவையுங்கள், வார்த்தை திரும்பலாம் என்றாள் பேச்சுப் பயிற்சி தரும் ஆஸ்பத்திரிப் பெண். தாளத்துக்கு அகத்தா எங்கே போவாள்? அவர் வீட்டில் நடத்திய வகுப்பில் மேசையைத் தட்டியதுதான் அவளுக்குத் தெரியும். குட்-லுக்கிங். ‘குட்’ லேசாக, ‘லுக்’ ஓங்கி, ‘கிங்’ சும்மா விட்டுவிட வேண்டும். ஆளை வர்ணிக்க இப்படி இரண்டு சொல் ஒட்டி வந்தால் பாரம் பின்னதில் விழும். நம் பிள்ளைகள் முன்னதையே போட்டு அமுக்குகிறார்கள் என்று திட்டுவார். லிண்டா படித்ததும் அதே மேசையில்தான்.

மேசை இப்போது கட்டிலோரம், உமாராணி வீட்டோடு பொதுவான பலகைச் சுவரை ஒட்டிக் கிடந்தது. அவருடைய நல்ல கைக்கு அங்கேதான் எட்டியது. சாயங்காலந்தோறும் அவள் அதில் தட்ட, அவர் முனகி முனகிச் சொல்லிப் பார்ப்பார். முழு வார்த்தை வரட்டும், பிறகு மகளைக் கூப்பிட்டுக் கேட்க வைக்கலாம் என்று அகத்தா யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்று மத்தியானம் லிண்டாவின் குரல் பதிவாகிப் போனில் வந்து கிடந்தது. “நீங்க டேடிய அடிக்கிறீங்கன்னு ஊரே சொல்லுது மம்மி. திங்கக்கிழமை டேடிய கூட்டிட்டுப் போக சுங்கைப் பட்டாணி முதியோர் ஹோம்லேருந்து வேன் வரும். என்கிட்ட ஒண்ணும் பேசாதீங்க.”

சாயங்காலம் கட்டிலோரம் உட்கார்ந்தாள். கையை ஓங்கியபோது சுவர் நினைவுக்கு வந்தது. மெல்லத் தட்டினாள். அவர் வாய் அசையவில்லை, அவளையே பார்த்தார். பிறகு தானே கையைத் தூக்கி மேசையில் லேசாக ஒன்று, ஓங்கி ஒன்று வைத்தார்.

“கைண்ட்… ஹார்ட்…”

‘கைண்ட்-ஹார்ட்டட்’, இளகிய மனசுக்காரி. மகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். கடைசி அசை மட்டும் பாக்கி.

அகத்தா லிண்டாவின் நம்பரை அழுத்தி, போனை அவர் வாயருகே பிடித்தாள். “சொல்லுங்க, எடுத்ததும் சொல்லுங்க.”

மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் மேசையைத் தட்டினார், இரண்டாவது அடி பலமாக. சுவருக்கு அந்தப் பக்கம் உமாராணி வீட்டு டிவிச் சத்தம் சட்டென்று குறைந்தது. மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.