கண்டல் கன்றும் கடைசித் தேதியும்

போன கிழமை என் வீட்டு வாசலில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். பிலோமினா. வாவிக்கரைக் கிராமம் ஒன்றின் இளைஞர் மன்றச் செயலாளர். கையில் நான் கையெழுத்திட்டு அனுப்பிய கடிதம் — இந்த வருஷமும் உங்கள் மன்றத்துக்கு உதவிப் பணம் உண்டு என்று.

நல்ல செய்திதானே? அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"காசு வேணாம் சேர்" என்றாள்.

கதை இதுதான். வாவித் தண்ணீருக்குள் வேரூன்றி நிற்கும் கரையோரக் கண்டல் மரங்களை விறகுக்கு வெட்டி வெட்டி, இறால் குஞ்சு தங்க இடமில்லாமல் போயிற்று. பிலோமினாவும் கூட்டாளிகளும் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார்கள் — இனி வெட்டாதீர்கள், நாங்கள் கன்று நட்டுத் தருகிறோம் என்று. சனங்கள் நம்பினார்கள். பெண்கள் விறகுக்கு இரண்டு மைல் நடந்தார்கள்.

காசு கொடுக்கும் கமிட்டியில் நானும் ஒருவன். "மாரி வெள்ளம் வந்து, ஆற்றுவாய் வெட்டி, தண்ணி வடிஞ்சாத்தான் கன்று நிக்கும் சேர். தையில நடுறம்" என்று போன வருஷம் காசு கேட்டு வந்த அன்றைக்கே சொன்னாள். நான் என்ன சொன்னேன்? "நிதியாண்டு செப்டெம்பரோட முடியுது மகள். அதுக்குள்ள நடாட்டிக் காசு திரும்பிப் போயிடும்." பெரிய மனுசன் பேச்சு!

நட்டார்கள். நாங்கள் போய் மாலை போட்டுக்கொண்டோம், படம் பிடித்தோம், பற்றிஸ் தின்றோம். கார்த்திகையில் வாவி பெருகியது. ஆற்றுவாயை அடைத்த மணல் திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவதற்குள் கன்றெல்லாம் தண்ணீருக்குள் கிடந்து அழுகிவிட்டன.

"ஊர் என்ன சொல்லுது தெரியுமா சேர்? நாங்க காசைத் திண்டுட்டமாம். பொம்புளைகள் திரும்பவும் கத்தியெடுத்திட்டாங்க. மிச்சம் நிக்கிறது பத்துப் பன்னிரண்டு மரம். என்ட அம்மாவே என்னை நம்புறா இல்ல."

எனக்கு வெட்கமாயிருந்தது. வேறென்ன சொல்ல?

"இந்த முறை நடுற நாளை நீங்களே குறியுங்க. கமிட்டியில நான் சண்டை பிடிக்கிறன்" என்றேன்.

"அது மட்டும் காணாது சேர். பிழை ஆர்ட எண்டு சனத்துக்குத் தெரியவேணும்."

"சரி, பேப்பரில எழுதுறன்."

"அங்க ஆரு பேப்பர் வாசிக்கிற? ஞாயிறு பூசை முடிய, கோயிலடிக்கு வந்து சொல்லுங்க."

"வாறன்" என்றேன்.

இதை எழுத அரை மணித்தியாலம் போதுமாயிருந்தது. ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால்தான் பயமாயிருக்கிறது.