நாட்டியக் குதிரையும் மீசை வைத்த மாப்பிள்ளையும்

எனக்கு ஏழு வயதிருக்கும்போது நாங்கள் ஏற்காட்டுக்கு நாட்டியக் குதிரை பார்க்கப் போனோம். குதிரை பார்க்க என்று நான் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உடன் வந்த மற்ற மூன்று பேரும் மாப்பிள்ளை பார்க்கப் போனார்கள்.

மாப்பிள்ளை அப்பாவின் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு. அத்தைக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ராசிபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். அதற்கு முன்பே பலர் வீட்டுக்கு வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். வந்தவர்கள் கேசரியையும் பஜ்ஜியையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. வாசலில் கார் நின்றதைப் பார்த்த தெருக்காரர்கள் மறுவாரம் அம்மாவிடம் என்ன ஆச்சு என்று விசாரிப்பார்கள். அத்தைக்கு அது வலித்தது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். இரண்டு நாள் யாரோடும் பேசாமல் துணி துவைப்பாள், துவைத்த துணியையே மறுபடியும் துவைப்பாள்.

இதையெல்லாம் பார்த்துத்தான் தரகர் ஒரு யோசனை சொன்னார். பொது இடத்தில், தற்செயலாகப் பார்த்ததுபோல் இரண்டு குடும்பமும் பார்த்துக்கொள்வது. எங்கள் பக்கத்தில் நடப்பதுதான் இது. கோயிலில் வைப்பார்கள், யார் வீட்டுக் கல்யாணத்திலாவது வைப்பார்கள். ஒருவரையொருவர் தெரியாததுபோல் இருந்துவிட்டு வர வேண்டும். பிடிக்காமல் போனால் யாருக்கும் தலைகுனிவு இல்லை, ஏனென்றால் யாரும் பெண்ணே பார்க்கவில்லை. ஏற்காட்டில் மஞ்சக்குட்டைக்குப் போகிற வழியில் ஒரு எஸ்டேட்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் குதிரையாட்டமும் பொய்க்கால் குதிரையும் நடத்தி, அதே டிக்கெட்டில் மதியம் இலை போட்டுச் சாப்பாடும் கொடுத்துவந்தார். தாய், தகப்பன், பையன் என்று மூன்று பேராக அங்கே வந்திருப்பார்கள் என்றார் தரகர்.

மாப்பிள்ளையின் படம் அப்பாவின் போனுக்கு வந்திருந்தது. அப்பா கண்ணாடி போடாமல் பார்த்தார். மீசை நன்றாக இருக்கிறது என்றார். அத்தையிடம் நீட்டினபோது அவள், "நீங்க பாத்தாச் சரிங்கண்ணா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெண் படத்தை அனுப்பச் சொல்லித் தரகர் கேட்டதற்கு அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுப் பெண் ஊர் ஊராகப் போனில் சுற்ற வேண்டியதில்லை என்றார். ஒரு விஷயம் மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் சரி என்று சொல்லிவிட்டால் அப்பாவும் அந்த நிமிஷமே சரி என்றுவிடுவார். அத்தையை யாரும் கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை.

கொண்டை ஊசி வளைவுகளில் நான் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். எஸ்டேட் மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். அங்கே போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அப்பா போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சில்வர் ஓக் மரத்தடிவரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். பந்தலுக்குள் மேசை மேசையாகக் கூட்டம். அதில் தாய், தகப்பன், வயது வந்த பையன் என்று மூன்று பேராக இருந்தது இரண்டு மேசைகளில். ஒன்றில் இருந்த பையனுக்கு அடர்ந்த மீசை. இன்னொன்றில் இருந்தவர் முகத்தை மழுங்கச் சிரைத்திருந்தார். அப்பாவுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. மீசைக்காரர் மேசையோடு எங்கள் மேசையை இழுத்து ஒட்டிப் போட்டு, தற்செயலாக உட்கார்ந்தார்.

குதிரை வந்தது. வெள்ளைக் குதிரை, காலில் சலங்கை, நெற்றியில் சிவப்புக் குஞ்சம். மேளம் மெதுவாக அடித்தால் மெதுவாகக் கால் மாற்றியது, வேகமாக அடித்தால் வேகமாக மாற்றியது. ஒரு கயிற்றுக் கட்டிலின் மேல் ஏறி நின்றும் ஆடியது. எனக்கு வாந்தியெல்லாம் மறந்துவிட்டது. எங்கள் மேசையில் வேறு யாரும் குதிரையைப் பார்க்கவில்லை. அப்பா மீசைக்காரரின் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நீங்க எந்தூருங்க?" என்று தெரியாதவர்போல் ஆரம்பித்தார். பிறகு நமக்குச் சொந்த ஊடு இருக்கு, கிணறு வத்துனதில்ல, தங்கச்சி வேலைக்குப் போறா, சமையலும் நொம்ப நல்லா வரும் என்று கேட்காததையெல்லாம் சொன்னார். அம்மா அத்தையின் தலையில் இருந்த பூவை எடுத்துவிடுவதும் சரிசெய்வதுமாக இருந்தாள். அந்தப் பெரியவர் மோர் மிளகாயைக் கடித்தபடி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "தப்பா நெனைக்காதீங்க. நாங்க ஏற்கனவே ரெண்டு பாலிசி போட்டிருக்கறமுங்க" என்றார். அதையும் அப்பா நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டார். சாமர்த்தியமாக நடிக்கிறார்கள் என்று அம்மாவின் காதில் சொன்னது எனக்குக் கேட்டது.

அத்தைக்கு மட்டும் உண்மை தெரிந்திருந்தது. பின்னாளில் எனக்கே கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் இதைச் சொன்னாள். படத்தை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினவள், போனை சார்ஜ் போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போய்ப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். அவருக்கு இடது புருவத்தில் சின்ன வெட்டு இருந்தது. மீசையை எடுத்துவிட்டாலும் புருவத்தை எடுக்க முடியாதல்லவா. பந்தலுக்குள் நுழைந்ததுமே, மழுங்கச் சிரைத்தவர்தான் மாப்பிள்ளை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவர்தான் என்று சொன்னால், பார்க்காத படத்தை எப்படிப் பார்த்தாள் என்று கேள்வி வரும். சும்மா இருந்துவிடவும் மனசில்லை. ஆள் எப்படி என்று தெரிந்துகொள்ளாமல் விட்டுவிட்டால், பிறகு நினைத்து நினைத்து வருத்தப்படுவோமோ என்று பயந்திருக்கிறாள். அதனால் பக்கத்தில் இருந்த என்னைப் பிடித்தாள்.

"சாமி, அந்த மீசையில்லாத மாமா இருக்காங்கல்ல, அவங்ககிட்டப் போயி இந்தக் குதிரை ஆணா பொண்ணான்னு கேட்டுட்டு வா."

போய்க் கேட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு. பதில் சொன்னது பக்கத்தில் இருந்த அவர் அம்மா. "ஆங்குதிரைதான் கண்ணு. எங்க பையனுக்குக் குதிரையெல்லாம் புடிக்காது, வாசம் ஆவாது." நான் திரும்பி வந்து அப்படியே ஒப்பித்தேன். அத்தை தலையாட்டிவிட்டு, மாமாவுக்கு வடை பிடிக்குமா பாயசம் பிடிக்குமா என்று கேட்டு வரச் சொன்னாள்.

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவர் அம்மா, "அவனுக்குப் பாயசம் குடுத்தாச் சளி புடிச்சுக்கும் கண்ணு. வடையில எண்ணெய் அதிகம்" என்று சொல்லி, அவர் இலையில் இருந்த வடையை எடுத்துத் தன் இலையில் வைத்துக்கொண்டார். மீசையில்லாதவர், திறந்த வாயில் ஒரு வாய் ரசஞ்சோற்றைப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்த அவர் அப்பா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவ காதுக்குப் பக்கத்துலயே போயிக் கேளு. பேரு என்னன்னு மட்டும் கேளு, போதும்" என்றாள் அத்தை. அவள் கையிலிருந்த அப்பளம் நொறுங்கிப்போயிருந்ததைப் பார்த்தேன்.

காதுக்குப் பக்கத்திலேயே போய்க் கேட்டேன். அப்போதும் அவர் அம்மாதான் பெயரைச் சொன்னார், இனிஷியலைச் சொன்னார், படித்த படிப்பையும் பார்க்கிற வேலையையும் சொன்னார். பிறகு வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "நீ யாரு கூட கண்ணு வந்திருக்கே?" என்று கேட்டார். நான் எங்கள் மேசையைக் காட்டினேன். ஒட்டிப் போட்ட இரண்டு மேசைகளிலும் இருந்த அத்தனை பேரையும் சேர்த்துத்தான் காட்டினேன். எனக்கு அதில் பேதம் தெரியவில்லை. பெரிய குடும்பம், நடுவில் மீசை வைத்த ஓர் ஆள், எதிரில் பூ வைத்த ஒரு பெண். அந்த அம்மா அதைப் பார்த்து, இது யாரோ வேறு குடும்பம் என்று முடிவுகட்டிவிட்டு, மறுபடியும் வாசலையே பார்க்க ஆரம்பித்தார்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டு அத்தை, "சரி, போதும். நீ உக்காந்து சாப்புடு" என்றாள். பரிசோதனை நிலையத்தில் ஒரு சொட்டு ரத்தத்தில் ஆளின் மொத்தச் சங்கதியையும் சொல்கிறவர்களோடு இருந்தவள் அவள். அதற்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டாள். பொய்க்கால் குதிரை ராஜாவும் ராணியும் வந்து சுற்றி ஆடினபோது கைகூடத் தட்டினாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது என்று அப்பாவுக்குக் கண்ணைக் காட்டினாள்.

பாயசம் பரிமாறுகிற நேரத்தில் ஒரு பெண், மூக்கருகில் எலுமிச்சம்பழத்தைப் பிடித்தபடி தள்ளாடி வந்து மீசைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏனுங்க, எனக்கு எலை போட்டு வெக்கலீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவர் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்துக் கடித்தாள். வளைவுகளில் தலை சுற்றி அதுவரை வேனிலேயே படுத்திருந்தாளாம். அவள் கழுத்தில் புதுத் தாலி மஞ்சள் மாறாமல் தொங்கியது. அப்பா டம்ளரைக் கையில் பிடித்தபடியே இருந்தார். வெகுநேரம் கழித்து அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தபோது, மீசையில்லாதவர் மேசையில் மூன்று எச்சில் இலைகள் மட்டும் மடித்துக் கிடந்தன.

மலை இறங்கும்போது பாதி வழியில் போன் உயிர் பெற்றது. அப்பா காரை ஓரமாக நிறுத்தி எடுத்தார். தரகர் போட்ட சத்தம் பின்சீட்டுவரை கேட்டது. அவர்கள் வந்து காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார்களாம், பெண் வீட்டார் வரவே இல்லை என்று அந்த அம்மா கொதித்துப்போய்விட்டார்களாம். நல்ல இடம், ஒரே பையன், கெட்ட பேச்சு பேசத் தெரியாத பிள்ளை. அப்பா போனை அணைத்தார். கதவைத் திறந்து இறங்கிப் போய், பள்ளத்தைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றுகொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். பாவம், தங்கையின் வாழ்க்கையைத் தன் கையாலேயே தட்டிவிட்டோம் என்று நினைத்திருப்பார்.

"போவட்டும் கண்ணு. நமக்குக் குடுத்து வெச்சது அவ்வளவுதான்" என்றாள் அம்மா அத்தையிடம்.

எனக்கு வேறொரு சந்தேகம். மதியத்திலிருந்தே மனதை அரித்துக்கொண்டிருந்தது. அத்தையின் காதருகில் போய், "அத்தை, அந்த மாமா ஊமையா?" என்று கேட்டேன்.

அத்தை என்னை ஒருமுறை பார்த்தாள். சட்டென்று முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு மடியில் கவிழ்ந்தாள். தோளும் முதுகும் குலுங்கின. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அம்மா பதறிப்போய் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவத் தடவக் குலுக்கல் அதிகமானது. அம்மாவும் அழத் தொடங்கினாள்.

எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவ்வளவு நல்ல சிரிப்பு உள்ள ஒருவருக்கும், பாவம் அவர் அப்பாவுக்கும், சேர்ந்தாற்போல் பேச்சு வராமல் போய்விட்டதே என்று நானும் அவர்களோடு சேர்ந்து அழுதேன்.