என் போன் உங்கள் வீட்டில் கிடந்த செவ்வாய்

என் பெயரில் கடன் வாங்கித் தின்றது நீங்கள்தான், அக்கா. வேறு யாரும் இல்லை.

நாங்கள் கம்பத்துப் பக்கம். விடியும் முன் ஜீப் ஏறி, குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள். குழுக்கடனுக்குத் தவணை வாங்கும் கம்பெனிக்காரர் செவ்வாய்க்கிழமை காலையில்தான் எங்கள் தெருவுக்கு வருவார். அந்த நேரம் நாங்கள் மலையில் இருப்போம். அதனால் குழுத் தலைவியான உங்கள் வாசலில் ஜீப்பை நிறுத்தி, தவணைப் பணத்தையும் போனையும் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். போனுக்கு வரும் ஓடிபியைச் சொன்னால்தான் அவர் வரவு வைப்பார்.

“இங்கன வச்சுட்டுப் போங்கடி, ஓடிபி வந்தா நான் பாத்துக்கிறேன்” என்பீர்கள். எல்லோர் போனும் உங்கள் டிவி பக்கத்தில் வரிசையாகக் கிடக்கும். ஒருத்திக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்தது. கல்விக் கடனுக்கு நானும் கையெழுத்துப் போட வேண்டும். பேங்க் அதிகாரி கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, “உங்க பேர்ல கட்டாத கடன் நிக்குதும்மா. கிரெடிட் ரிப்போர்ட் எடுத்துப் பாருங்க” என்றார். ஒரு தவணை தவறாத எனக்கா கட்டாத கடன்?

ரிப்போர்ட் எடுக்கக் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினேன். “போனக் குடுங்கக்கா, ஓடிபி வந்தா நான் பாத்துக்கிறேன்” என்று கடைக்காரர் கையை நீட்டினார். அது நீங்கள் சொல்லிக் கேட்ட பேச்சு. கொடுக்காமல் திரும்பினேன்.

ரிப்போர்ட் பார்க்கலாம் என்று வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய லிங்க் இருந்தது. அதைத் தொடப் போன என் கையை மகள் தட்டிவிட்டாள்.

“யம்மா, அது எவன் லிங்க்கோ! ரிப்போர்ட் குடுக்கிற கம்பெனியோட சொந்த வெப்சைட்டுக்கு நாமளே போவோம். வருசத்துக்கு ஒருக்கா காசில்லாம குடுப்பாக.”

என் போனிலேயே திறந்தாள். ஓடிபியை நானே அடித்தேன்.

நான் கட்டுகிற கடன் இருந்தது. அதற்குக் கீழே, அதே கம்பெனியில், நான் வாங்காத கடன் ஒன்று. அது ஆரம்பித்த தேதியைக் காலண்டரில் பார்த்தோம். செவ்வாய். என் பெயருக்கு நேரே இரண்டு போன் நம்பர். ஒன்று என்னுடையது. இன்னொன்று உங்களுடையது.

உங்கள் வாசலில் வந்து நின்றேன்.

“ஏக்கா, எம்பேர்ல கடன் எடுத்தீகளா?”

“கத்தாதடி. ஒம்பேரத்தான எடுத்தேன், ஒங்காதுத் தோட்டையா அறுத்தேன்? கட்டிருவேன்.”

“எம்மக சீட்டு போகுதுக்கா.”

“அவ நர்சாகி என்னத்தக் கிழிக்கப் போறா? ஜீப்புல எடமிருக்குல்ல, ஏத்தி விடு.”

சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். மறு செவ்வாய் நான் மலைக்குப் போகாமல் நின்று கம்பெனிக்காரரிடம் சொன்னேன். அவர் கேட்டபோது, எதுவும் தெரியாது என்று கையை விரித்தீர்கள்.

இது என் கடன் இல்லை என்று அந்த வெப்சைட்டிலேயே புகார் போட்டோம். கம்பெனியிலிருந்து பதில் வந்தது: என் நம்பருக்குப் போன ஓடிபி சரியாகச் சொல்லப்பட்டதாம், அதனால் வாங்கியது நான்தானாம். பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று திரும்பக் கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

காலேஜில் பணம் கட்டும் கடைசி நாள் நெருங்கிவிட்டது. மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் யார் காலில் விழுந்தால் ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த வரி அழியும்? யார் காலில் விழுந்தும் அழியாது. நீங்கள் வாயைத் திறந்தால்தான் அழியும்.

வருகிற செவ்வாய் ஜீப் போகாது. எங்களில் ஒருத்தியும் மலைக்குப் போகப் போவதில்லை. கூலி போனால் போகட்டும். அவரவர் ரிப்போர்ட்டை அவரவர் போனில் எடுத்துக்கொண்டு வருகிறோம். கம்பெனிக்காரரும் இருப்பார். அத்தனை பேர் முன்னால், தெருவில் நின்று சொல்லுங்கள் அக்கா: என் பெயரில் அந்தப் பணத்தை வாங்கியது யார்?